ராக் இசைக்குழுவின் முகம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பாட்டு என்பது காதால் கேட்கப்படுவது. அப்படியிருக்க, ராக் இசைக்குழு ஒன்றைப் பற்றி நம் மனத்தில் பதியும் பிம்பத்துக்கு வீடியோவைக் காரணமாகச் சொல்வது மிகையல்லவா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: மிகையல்ல. லண்டனின் குவீன் குழு என்றதும், இருட்டில் மேலிருந்து விழும் வெளிச்சத்தில் தெரியும் நான்கு முகங்கள்தான் பலருக்கும் முதலில் நினைவுக்கு வரும். 1975 நவம்பரில் புரூஸ் கோவர்ஸ் இயக்கத்தில், சில மணி நேரத்திலேயே எடுத்து முடிக்கப்பட்ட ‘போஹீமியன் ராப்சடி’ வீடியோதான் அந்த முகங்களைத் தொலைக்காட்சி வழியாக வீடுதோறும் கொண்டுசேர்த்தது. காட்சியமைப்பு அன்று புதிதாகப் பிறந்ததல்ல. மிக் ராக் என்ற புகைப்படக் கலைஞர் எடுத்த படமாக 1974இலேயே அவர்களின் இரண்டாவது ஆல்பத்தின் அட்டையில் வந்திருந்தது.

வீடியோவில் அது வந்த இடம் முக்கியமானது. பாடலில் ஓபரா எனும் மேற்கத்திய இசை நாடகப் பாணியில் அமைந்த பகுதியில் நாம் கேட்கும் பெருங்குரல், சிலரே திரும்பத் திரும்பப் பாடிப் பதிவுசெய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டது. மேடையில் அதை அப்படியே பாடிக்காட்ட இயலாது. வீடியோவிலும் அந்த இடத்தில் ஒரே முகம் பலவாகப் பெருகி, வரிசையாகத் தேய்ந்து மறைகிறது. ஒலிப்பதிவுக்கூடத்தில் குரலுக்குச் செய்ததையே திரையில் முகத்துக்கும் செய்தார்கள். இப்படி ஓசையோடு ஒட்டிப் பிறக்கும் காட்சியைப் பின்னாளில் பாட்டிலிருந்து பிரித்தெடுக்கவே முடிவதில்லை.

கேள்வி: கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டாலே ஒரு குழுவுக்குக் கனம் வந்துவிடுமா? இப்போது பலரும் அப்படித்தான் எடுக்கிறார்கள்.
– வாசகி ஒருவர், கோவை

பதில்: வந்துவிடாது. உங்கள் ஐயத்துக்கு விடையாக டெபெஷ் மோட் குழுவின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். இங்கிலாந்தின் பாசில்டன் நகரிலிருந்து வந்த இளைஞர்கள் இவர்கள். சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியை வைத்து, துள்ளலான பாப் பாடல்களோடு 1981இல் பெயர் பெற்றார்கள். அடுத்து வந்த ஆண்டுகளில் குழுவின் மார்ட்டின் கோர் எழுதிய பாடல்கள் குற்றவுணர்ச்சி, இச்சை, நம்பிக்கை என்று இருளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதும், வீடியோக்களில் பழைய விளையாட்டுப் பிள்ளைகளின் சாயல் எளிதில் விலகவில்லை.

1986இல் ‘எ கொஸ்டின் ஆஃப் டைம்’ பாடலுக்காக நெதர்லாந்துப் புகைப்படக் கலைஞர் அன்டோன் கோர்பைன் வந்தார். துகள்கள் தெரியும் கறுப்பு வெள்ளைப் படச்சுருள், ஆளரவமற்ற சாலை, மோட்டார் சைக்கிள் என அவர் காட்டிய உலகம் பாடல்களின் மனநிலைக்கு இணையாக நின்றது. அதன்பின் வீடியோக்கள், புகைப்படங்கள், ஆல்பம் அட்டைகள், மேடை அமைப்பு என்று அவருடைய கண் ஏறத்தாழ எல்லாவற்றையும் தொட்டது. 1989இல் வந்த ‘பெர்சனல் ஜீசஸ்’ பாடலில் கித்தார் முன்னுக்கு வந்தபோது, இத்தாலிய கௌபாய் படங்கள் எடுக்கப்பட்ட ஸ்பெயினின் அல்மேரியா வறண்ட நிலத்தில் தொப்பியும் குதிரையுமாக அவர்களை நிறுத்தினார். சிந்தசைசர் குழு என்று ஒதுக்கிய ராக் ரசிகர்கள் அவர்களைத் திரும்பிப் பார்த்ததில் அந்தக் காட்சிகளுக்கும் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

அடுத்த ஆண்டு வெளிவந்த ‘என்ஜாய் தி சைலன்ஸ்’ வீடியோவில், பாடகர் டேவ் கஹன் தலையில் கிரீடமும் தோளில் அரச அங்கியுமாக, கையில் கடற்கரை மடக்கு நாற்காலி ஒன்றை எடுத்துக்கொண்டு மலையிலும் கடலோரத்திலும் பனியிலும் தனியே நடக்கிறார். அமைதியான ஓரிடம் கிடைத்ததும் நாற்காலியை விரித்து உட்காருகிறார். வேறு கதையே இல்லை. எல்லாம் இருந்தும் நிம்மதியைத் தேடி அலைபவன் என்ற எண்ணத்தைக் கிரீடமும் நாற்காலியும் மட்டுமே சொல்லிவிடுகின்றன. கவனியுங்கள், இந்த நடை முழுவதும் வண்ணத்தில்தான் இருக்கிறது. ஆனாலும் குழுவின் கனம் சிறிதும் குறையவில்லை. ஆகவே கனத்தைத் தந்தது கறுப்பு வெள்ளை அல்ல, பல ஆண்டுகள் மாறாமல் உடனிருந்த ஒருவரின் பார்வை.

கேள்வி: டுரான் டுரான் குழு இலங்கையில் வீடியோ எடுத்தது உண்மையா? அதனால் அவர்களுக்குக் கிடைத்தது என்ன?
– வாசகர் ஒருவர், யாழ்ப்பாணம்

பதில்: உண்மை. 1982இல் ரஸல் மல்கஹி இயக்கத்தில் ‘ஹங்ரி லைக் தி வுல்ஃப்’, ‘சேவ் எ பிரேயர்’ ஆகிய பாடல்கள் அங்கே படமாக்கப்பட்டன. பின்னதில் சிகிரியாக் குன்றையும் பொலன்னறுவை இடிபாடுகளையும் காணலாம். 1981 ஆகஸ்ட் 1 அன்று அமெரிக்காவில் தொடங்கிய எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி நாள் முழுவதும் வீடியோக்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. பர்மிங்காம் என்ற தொழில் நகரத்துப் பையன்கள், உலகம் சுற்றும் செல்வந்த இளைஞர்களாக அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தார்கள்.

ஒளிப்பதிவின் அழகை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பிம்பத்துக்காக ஒரு நாட்டின் வழிபாட்டிடங்களும் கடைவீதி மக்களும் பெயரற்ற பின்னணியாக்கப்பட்டார்கள். அங்கே யார் வாழ்கிறார்கள் என்று அந்த வீடியோக்கள் ஒரு கணமும் கேட்பதில்லை. இது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி: ஒருமுறை படிந்துவிட்ட பிம்பத்தை ஒரு குழுவால் மாற்றிக்கொள்ள முடியுமா?
– வாசகி ஒருவர், சேலம்

பதில்: முடியும், இசையும் கூடவே மாறினால். அயர்லாந்தின் யூ2 குழு 1987இல் ‘தி ஜோஷுவா ட்ரீ’ ஆல்பத்தின் அட்டையில் பாலைவனத்தில் இறுகிய முகத்தோடு நின்றது. 1991இல் ‘அக்டுங் பேபி’ ஆல்பத்தோடு ஒலி கரடுமுரடாக மாற, பாடகர் போனோ பெரிய கறுப்புக் கண்ணாடியும் தோல் உடையுமாக வந்தார். இரண்டு ஆல்பங்களின் அட்டைப் படங்களையும் எடுத்தவர் முன்பு சொன்ன அதே கோர்பைன்தான்.

கேள்வி: நாங்கள் கல்லூரியில் ராக் குழு நடத்துகிறோம். கையில் பணம் இல்லை. வீடியோவுக்கு என்ன செய்வது?
– மாணவர் ஒருவர், சென்னை

பதில்: முதலில் எதை விடுவது என்று முடிவு செய்யுங்கள். அமெரிக்காவின் ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் இருவர் மட்டுமே கொண்டிருந்த குழு. சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற மூன்று நிறங்களுக்குள்ளேயே தங்களை நிறுத்திக்கொண்டார்கள். கித்தார், டிரம்ஸ், குரல் என்று சுருங்கிய அவர்களின் இசைக்கு அந்தச் சிக்கனம் மிகவும் பொருந்தியது. ஓகே கோ குழுவோ 2006இல் டிரெட்மில் எனும் உடற்பயிற்சி ஓட்டக் கருவிகள் எட்டை வரிசையாக வைத்து, நகராத கேமரா ஒன்றின் முன், வெட்டே இல்லாமல் ஒரே ஷாட்டில் ஆடியது. உலகம் முழுவதும் அதைப் பார்த்தார்கள். அவர்கள் பணத்துக்குப் பதிலாகச் செலவிட்டது ஒத்திகையை. உங்கள் பாட்டைப் பலமுறை கேட்டு, அதில் நிறைந்திருப்பது வேகமா, இடைவெளியா, இரைச்சலா என்று கண்டுபிடியுங்கள்; அதற்கு ஏற்ற ஓர் இடத்தையும் இரண்டு நிறங்களையும் தேர்ந்துகொள்ளுங்கள். அடுத்த மூன்று பாடல்களுக்கும் அவற்றை மாற்றாதீர்கள்.