சபாத் என்ற வாராந்திர ஓய்வுநாளில் யூதர்கள் அடுப்பே மூட்ட மாட்டார்கள் என்றால், அன்று ஆறிப்போன உணவைத்தான் சாப்பிடுகிறார்களா?

இல்லை. சபாத் அன்று சூடாக ஒரு வேளையாவது சாப்பிட்டாக வேண்டும் என்பது அவர்கள் உறுதியாகக் கடைப்பிடிக்கும் வழக்கம். வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்குச் சற்று முன்பிருந்து சனிக்கிழமை இரவு நட்சத்திரங்கள் தெரியும்வரை, ஏறக்குறைய 25 மணி நேரம், தடை சமைப்பதற்குத்தான். அந்தத் தடையை மீறாமல் சுடச்சுடச் சாப்பிட எவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள் என்பதை, ஜெருசலேமில் ஒரு மூதாட்டியின் வீட்டில் பராமரிப்பாளராக வேலை பார்த்தபோது பக்கத்திலிருந்து பார்த்தேன். அவருடைய குடும்பம் போலந்திலிருந்து வந்தது. மொராக்கோ, ஏமன் வழி வந்த வீடுகளில் சில வழக்கங்கள் வேறாக இருக்கும்.

யூத வேதத்தின் இரண்டாம் நூலான யாத்திராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில், பாலைவனத்தில் இறைவன் அளித்த உணவான மன்னாவை ஆறாம் நாளில் இரட்டிப்பாகச் சேர்த்து, சுட வேண்டியதையும் வேகவைக்க வேண்டியதையும் முன்கூட்டியே முடித்துக்கொள்ளும்படி கட்டளை வருகிறது. சபாத் விருந்தில் இரண்டு ஹல்லா ரொட்டிகளை வைப்பது அந்த இரட்டிப்பின் நினைவாகத்தான். 35ஆம் அதிகாரம், ஓய்வுநாளில் வீடுகளில் நெருப்பு மூட்டக் கூடாது என்கிறது. ஏறக்குறைய கி.பி. 200இல் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா, விலக்க வேண்டிய வேலைகளை 39 வகையாகப் பட்டியலிடுகிறது. அவற்றில் முதல் பதினொன்றும் விதைப்பு, உழவு, அறுவடை தொடங்கி மாவு பிசைந்து ரொட்டி சுடுவதுவரை போகின்றன. உடல் களைப்பு இதற்கு அளவுகோல் அல்ல. கனமான சாப்பாட்டு மேசையை வீட்டுக்குள்ளேயே ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு நகர்த்தலாம். ஒரு தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது.

சூடான உணவு ஏன் இவ்வளவு முக்கியமானது? கராயர்கள் என்ற யூதப் பிரிவினர் 'நெருப்பு மூட்டாதே' என்பதை, வீட்டில் நெருப்பு எரிந்துகொண்டிருக்கவே கூடாது என்று புரிந்துகொண்டார்கள். முன்பே ஏற்றிய நெருப்பு தானாக எரியலாம் என்பது ரபிகள் எனப்படும் யூத மத அறிஞர்களின் நிலை. அந்த வழக்கில் தங்கள் தரப்பைத் தட்டில் காட்டுவதுபோலச் சூடான உணவு ஆகிவிட்டது. சபாத் அன்று சூடாகச் சாப்பிடாதவருடைய நம்பிக்கையையே சந்தேகிக்க வேண்டும் என்று 12ஆம் நூற்றாண்டில் ஸெரஹியா ஹலேவி என்ற ரபி எழுதினார்.

அதற்கென்றே உருவான உணவுதான் சோலென்ட். வெள்ளை பீன்ஸ், பார்லி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மாட்டிறைச்சி எல்லாம் ஒரே பாத்திரத்தில். வெள்ளி மாலை சபாத் தொடங்குவதை ஊருக்கு அறிவிக்கும் சங்கு ஒலிப்பதற்குள் அது பாதியாவது வெந்திருக்க வேண்டும். மிஷ்னாவை விரித்து விவாதிக்கும் தல்மூத் இந்த அளவுக்கு 'பென் த்ரோசாய் உணவு' என்று பெயர் வைத்திருக்கிறது. பென் த்ரோசாய் ஒரு கொள்ளைக்காரன். இறைச்சி முழுதாக வேகும்வரை பொறுக்காமல் அரைவேக்காட்டிலேயே தின்பவனாம். அந்தப் பக்குவம் வந்துவிட்டால், அவசரப்பட்டுத் தீயைக் கூட்டும் எண்ணம் வராது என்பது கணக்கு. பிறகு பாத்திரம் 'பிளாட்டா' என்ற மின்தட்டின் மேல் இரவு முழுவதும் இருக்கும். பிளாட்டாவில் வெப்பத்தைக் கூட்டவோ குறைக்கவோ திருகு கிடையாது. மறுநாள் மதியம் திறக்கும்போது உருளைக்கிழங்கு பழுப்பேறியிருக்கும். வாசனை மாடிப்படிவரை வரும். பரிமாறுவதற்கு முன் பாத்திரத்தைத் தட்டிலிருந்து இறக்கிவிட வேண்டும். சூட்டின் மேல் வைத்துக் கிளறினால் அதுவும் சமையல்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது தேநீர். வெள்ளியன்றே கொதித்த வெந்நீர்க் கொள்கலனிலிருந்து மூதாட்டி ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடிப்பார். பிடிப்பதற்கு முன் தம்ளரைத் துணியால் ஒற்றி எடுப்பார். உள்ளே ஒட்டியிருக்கும் பச்சைத் தண்ணீர்த் துளிமேல் வெந்நீர் விழுந்தால் அந்தத் துளி வெந்துவிடுமே! பின்னர் அதை இன்னொரு தம்ளருக்கு மாற்றுவார். கொதித்த பாத்திரம் முதல் பாத்திரம். மாற்ற மாற்ற வேகவைக்கும் வலு குறைகிறது என்பது சட்டம். தேயிலையோ சட்டென்று வெந்துவிடும் பொருள். அதனால் அதைப் போட மாட்டார். வெள்ளிக்கிழமையே காய்ச்சி வைத்த கெட்டிச் சாயத்தை மூன்றாம் பாத்திரமாகிவிட்ட அந்த இரண்டாவது தம்ளரில் ஊற்றிக்கொள்வார்.

சமைக்காத உணவுக்கும் விதிகள் உண்டு. நாம் அரிசியில் கல் பொறுக்குவோம் அல்லவா, அன்று அது கூடாது. குப்பையிலிருந்து உணவைத்தான் எடுக்க வேண்டும்; உணவிலிருந்து குப்பையை அல்ல. அதையும் கையால், உடனே சாப்பிடுவதற்காக மட்டும். போலந்து வழி வீடுகளில் முள் நீக்கி அரைத்த மீன் உருண்டை சபாத் உணவாக நிலைத்ததற்கு இது ஒரு காரணம். காய்கறியைப் பொடியாக நறுக்குவது அரைப்பதில் சேரும் என்பதால் சாலட்டுக்குச் சற்றுப் பெரிய துண்டுகளாக, சாப்பிட உட்காரும் நேரத்தில் நறுக்குவார்கள். வேகவைத்த முட்டையை மசிக்கத் தடையில்லை. அரைத்தல் விதி மண்ணில் விளைபவற்றுக்குத்தான்.

'வீட்டில் யூதரல்லாத நீங்கள் இருந்தீர்களே, உங்களிடம் சொல்லிச் சமைத்துக்கொள்ளலாமே' என்று சிலர் கேட்கிறார்கள். கூடாது. தானே செய்யக் கூடாததைப் பிறரிடம் சொல்லிச் செய்துகொள்வதும் பொதுவாகத் தடைதான். நான் எனக்காக விளக்குப் போட்டால் அந்த வெளிச்சத்தில் அவர் படிக்கலாம். அவருக்காகப் போட்டால் படிக்கக் கூடாது. மிஷ்னாவிலேயே உள்ள விதி இது. ஆனால் உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கும்கூட, நோயாளிக்குத் தேவையானதை எங்களைப் போன்றவர்களிடம் கேட்டுச் செய்துகொள்ள இடமிருக்கிறது. உயிருக்கே ஆபத்து என்றால் எந்தத் தடையும் நிற்காது. அவர்களே போனை எடுத்து ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். இதைச் சலுகையாக அல்ல, கட்டளையாகவே வைத்திருக்கிறார்கள். இந்தச் சட்டங்களை வெறும் கெடுபிடி என்று யாராவது பேசினால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அப்படிப்பட்ட வீட்டுக்கு உங்களுக்கு அழைப்பு வந்தால், ஏதேனும் பரிசு கொண்டுபோவதாக இருந்தால் வெள்ளி மாலைக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். உதவுவதாக நினைத்து பிளாட்டாவில் எதையும் நகர்த்தவோ, ஆறிய சூப்பை அதன்மேல் ஏற்றவோ வேண்டாம். ஃபிரிட்ஜைக் கேட்டுவிட்டுத் திறங்கள். உள்விளக்கை முன்பே அணைத்து வைக்க மறந்திருந்தால் கதவைத் திறப்பதே அவர்களுக்குச் சிக்கல். குளியலறை விளக்கு எரிந்துகொண்டிருந்தால் அப்படியே விட்டுவிட்டு வாருங்கள்.