புக் வேல்யூ 190, விலை 74: இந்த மில் ஷேரை வச்சுக்கலாமா, வித்துடலாமா?

கேள்வி: வணக்கம் சார். ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில அக்கவுன்டன்டா இருக்கேன், வயசு 47. நாலு வருஷம் முன்னாடி ஒரு சின்ன ஸ்பின்னிங் மில் கம்பெனி ஷேர் 3,000 வாங்கினேன், சராசரி விலை 118. இப்ப 74ல நிக்குது. கம்பெனியோட மொத்த ஷேரே ஒரு கோடிதான், முகமதிப்பு 10 ரூபா. வருஷ விற்பனை 180 கோடி, இபிஎஸ் (ஒரு ஷேருக்கு வருஷ லாபம்) பத்தரை ரூபா, புக் வேல்யூ (கடன் போக ஒரு ஷேருக்கு கணக்குல உள்ள சொத்து) 190, பேங்க் கடன் பெருசா இல்ல. ப்ரமோட்டர்கிட்ட (கம்பெனிய கையில வச்சிருக்கற தரப்பு) 62 சதவீதம், அடகு எதுவும் இல்ல. டிவிடெண்ட் வருஷம் ஒரு ரூபா. இந்த ஷேர் வச்சிருக்கறவங்க 140 பேர் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருக்கோம், எல்லாரோடதும் சேர்த்தா 2 லட்சத்து 10 ஆயிரம் ஷேர் வரும். பாதி பேர் "நிலம் மட்டுமே 100 கோடி போகும், இன்னும் வாங்கி ஆவரேஜ் பண்ணுங்க"ன்னு சொல்றாங்க, பாதி பேர் வித்துட்டு வெளிய வாங்கன்னு சொல்றாங்க. ஆண்டறிக்கையில குரூப் கம்பெனி ஒண்ணுக்கு 22 கோடி கடன் குடுத்ததா ஒரு வரி இருக்கு, அதைப் பத்தி யாரும் பேசறதில்ல. என் டீமேட்ல இருக்கறது மொத்தமே 5 லட்சம்தான். பொண்ணு ரெண்டு வருஷத்துல காலேஜ் போவா. என்ன பண்ணட்டும்?

பதில்: வணக்கம் சார். முதல்ல முடிவைச் சொல்லிடறேன். ஆவரேஜ் பண்ணவே பண்ணாதீங்க. 3,000ல 2,000 ஷேரை அவசரப்படாம வித்துடுங்க. மீதி 1,000 வச்சுக்கணுமா வேண்டாமான்னு அந்த 22 கோடி பத்தி கம்பெனி என்ன பதில் சொல்லுதுங்கறத வச்சு முடிவு பண்ணலாம்.

190 ரூபா சரக்கு 74க்கு கிடைக்குதுன்னா யாருக்கும் சல்லிசாத்தான் தெரியும். ஆனா அந்த 190ஐ வச்சுக்கிட்டு கம்பெனி வருஷத்துக்கு சம்பாதிக்கறது பத்தரை ரூபா, அதாவது அஞ்சரை சதவீதம். பேங்க் எஃப்டில போட்டாலே இதுக்கு மேல வரும். அஞ்சரை சதவீதம் சம்பாதிக்கற சொத்துக்கு முழு விலை குடுத்து யார் சார் வாங்குவாங்க? இப்ப அதே பத்தரை ரூபாய 74ஆல வகுத்துப் பாருங்க, 14 சதவீதம் வரும். சின்ன கம்பெனி, தினம் நாலு பேர் கூட வாங்கி விக்காத ஷேர், பஞ்சு விலை ஏறினா ஒரு அடி இறங்கினா ஒரு அடின்னு வாங்கற தொழில், இதுக்கெல்லாம் 14 கிடைச்சாத்தான் பணம் போடுவேன்னு மார்க்கெட் சொல்லுது, அதனாலதான் விலை 74. மார்க்கெட் உங்க கம்பெனிய கவனிக்காம விட்டுடுச்சுன்னு குரூப்ல நினைக்கறாங்க போல, எனக்கு அப்படித் தோணல, கவனிச்சுத்தான் இந்த விலை வச்சிருக்கு.

அந்த 14லயும் உங்க கைக்கு எவ்வளவு வருதுன்னு பாருங்க. ஒரு ரூபா. 74க்கு ஒரு ரூபான்னா 1.35 சதவீதம். மிச்சம் ஒம்பதரை ரூபா கம்பெனிக்குள்ளயே தங்கி மறுபடியும் அதே அஞ்சரை சதவீதம்தான் சம்பாதிக்கப் போகுது. ஊர்ல பங்காளி சொத்துல கால் பங்கு உங்களுதுன்னு பத்திரம் சொல்லும், ஆனா குத்தகைப் பணத்த வாங்கறதும் பெரியப்பா, விக்கலாமா வேண்டாமான்னு சொல்றதும் பெரியப்பான்னா அந்த கால் பங்க வச்சு பொண்ணுக்கு ஃபீஸ் கட்ட முடியாது இல்லையா, அப்படித்தான் இதுவும். ஒரு ஷேர் உண்மையிலேயே மலிவா இல்லையான்னு பாக்கறப்ப உள்ள எவ்வளவு பணம் இருக்குங்கறத விட, அது எந்த வழியா என் கைக்கு வரும்னுதான் நான் முதல்ல கேப்பேன். டிவிடெண்டா வரலாம், கம்பெனியே ஷேர திரும்ப வாங்கற பைபேக்கா வரலாம், ஷேர மார்க்கெட்ல இருந்து எடுக்கறப்ப டீலிஸ்டிங்ல வரலாம், வேற ஒருத்தர் கம்பெனிய வாங்கினா நம்ம ஷேரையும் கேட்டு வர்ற ஓப்பன் ஆஃபர்ல வரலாம். உங்க கம்பெனியில இதுல ஒண்ணுக்காவது அறிகுறி தெரியுதா? நீங்க எழுதினதுல எனக்கு எதுவும் தெரியல.

நிலத்தைப் பத்தி ரொம்ப பேசறாங்கன்னு புரியுது. மில்லு ஓடிக்கிட்டு இருக்கற நிலத்த யாரும் வித்து உங்களுக்கு பிரிச்சுக் குடுக்கப் போறதில்ல. அதுக்கும் முன்னாடி ஒண்ணு பாருங்க, ஆண்டறிக்கையில ஆடிட்டர் அறிக்கையோட பின்னாடி காரோ 2020 (ஆடிட்டர் என்னென்ன எழுதணும்னு சொல்ற அரசு உத்தரவு) படி ஒரு இணைப்பு இருக்கும், அதுல முதல் பத்தியிலயே நிலத்தோட பத்திரம் எல்லாம் கம்பெனி பேர்லதான் இருக்கா, இல்லைன்னா யார் பேர்ல, எத்தனை காலமா அப்படி இருக்குன்னு ஆடிட்டர் எழுதியே ஆகணும். நீங்க அக்கவுன்டன்ட், அஞ்சு நிமிஷத்துல படிச்சுடுவீங்க. பழைய குடும்ப மில்லுகள்ல நிலம் அப்பா பேர்ல, கட்டடம் கம்பெனி பேர்லன்னு இருக்கறது புதுசு இல்ல. அத பாக்காம 100 கோடின்னு பேசறதுல அர்த்தம் இல்ல.

உள்ள சொத்து இருந்தும் விலை வராம கிடக்கறதுக்கு நம்ம நாட்டுலயே பெரிய உதாரணம் எல்சிட் இன்வெஸ்ட்மென்ட்ஸ். ஏசியன் பெயின்ட்ஸ் ஷேர்கள பல ஆயிரம் கோடிக்கு வச்சிருக்கற கம்பெனி, மொத்த ஷேரே 2 லட்சம்தான், அதுல முக்கால் பங்கு ப்ரமோட்டர்கிட்ட. அப்ப மார்க்கெட் விலை 3 ரூபா 53 காசு, வருஷ டிவிடெண்டோ 25 ரூபா! விலைய விட டிவிடெண்ட் ஏழு மடங்கு, அதனால விக்கறதுக்கு ஆளே இல்ல, வியாபாரமே நடக்கல. கடைசியில 2024ல ஷேர் மார்க்கெட்ட கண்காணிக்கற செபி, இந்த மாதிரி மத்த கம்பெனி ஷேர்கள வச்சிருக்கற ஹோல்டிங் கம்பெனிகளுக்கு தனியா ஒரு ஏலம் வைக்கச் சொல்லி சர்க்குலர் போட்டுச்சு, அக்டோபர் 29ஆம் தேதி அந்த ஏலத்துக்கப்புறம் ஒரே நாள்ல 2,36,250 ரூபா ஆச்சு. பாத்தீங்களா, நம்ம ஷேரும் ஒரு நாள் இப்படித்தான்னு குரூப்ல யாராவது சொல்வாங்க. ஆனா எல்சிட்டுக்குள்ள இருந்தது நாளைக்கே விக்கக்கூடிய ஏசியன் பெயின்ட்ஸ் ஷேர், உங்க கம்பெனிகிட்ட இருக்கறது நூல் நூக்கற ரிங் ஃப்ரேம் மெஷினும் கோடவுன்ல பஞ்சும். அங்க கூட வெளியில இருந்து செபி கை வைக்க வேண்டியிருந்துச்சு, அப்பவும் விலை புக் வேல்யூவுக்கு கீழதான் நின்னுச்சு.

பஞ்சுன்னதும் ஞாபகம் வருது. நீங்க 118க்கு வாங்கின காலம் நூல் மில்லுக்கெல்லாம் ரொம்ப நல்ல காலம், 2022 மே மாசம் பஞ்சு ஒரு கண்டி (சுமார் 356 கிலோ) லட்ச ரூபாய தாண்டிச்சு, அப்புறம் மளமளன்னு இறங்கிடுச்சு. அந்த உச்சத்த மனசுல வச்சுக்கிட்டு 118 திரும்ப வரட்டும்னு காத்திருக்காதீங்க. நீங்க என்ன விலைக்கு வாங்கினீங்கன்னு அந்த மில்லுக்கு தெரியாது.

இப்ப அந்த 22 கோடிக்கு வரேன், எனக்கு இதுதான் பெரிய விஷயமா படுது. கம்பெனி எல்லாருக்கும் சேர்த்து வருஷத்துக்கு குடுக்கற டிவிடெண்ட் ஒரு கோடி, அதுலயும் 62 லட்சம் ப்ரமோட்டருக்கே போகுது. ஒரே ஒரு குரூப் கம்பெனிக்கு போனது 22 கோடி. எடுத்துக் குடுக்க பணம் இருக்கு, ஆனா உங்களுக்கு குடுக்க மனசு இல்ல. ஆண்டறிக்கையில ரிலேட்டட் பார்ட்டி நோட்ட (ப்ரமோட்டர் சம்பந்தப்பட்டவங்களோட நடந்த கொடுக்கல் வாங்கல் விவரம்) எடுத்து மூணு வருஷத்துக்கு வரிசையா பாருங்க: கடன் ஏறுதா இறங்குதா, வட்டி போடறாங்களா, போட்ட வட்டி பணமா வருதா இல்ல கணக்குல மட்டும் ஏறுதா. கம்பெனி சட்டம் 186ஆவது பிரிவுப்படி அதே கால அளவு உள்ள அரசு பத்திர வட்டிக்கு கீழ கடன் குடுக்கக் கூடாது. முன்னாடி சொன்ன காரோ இணைப்புலயே மூணாவது பத்தியில, இந்தக் கடன் கம்பெனிக்கு பாதகமா, தவணை பாக்கி இருக்கா, பழைய கடன அடைக்க புதுக் கடன் குடுத்தாங்களான்னு ஆடிட்டர் எழுதியிருப்பார்.

இன்னொண்ணு, இது உங்க குரூப்புக்கே ரொம்ப முக்கியம். செபி விதிப்படி ரிலேட்டட் பார்ட்டியோட ஒரு நிதியாண்டுல நடக்கற கொடுக்கல் வாங்கல் கம்பெனி விற்பனையில 10 சதவீதத்த தாண்டினா பங்குதாரர்கிட்ட ஓட்டுக்கு விடணும், அந்த ஓட்டுல ப்ரமோட்டர் தரப்பு யாரும் ஆதரிச்சு ஓட்டு போடவே முடியாது. உங்க கம்பெனி விற்பனை 180 கோடி, 10 சதவீதம்னா 18 கோடி. 22 கோடியும் ஒரே வருஷத்துல போயிருந்தா அது ஓட்டுக்கு வந்திருக்கணும். வந்துச்சா? எக்ஸ்சேஞ்ச் சைட்ல ஓட்டு முடிவு எல்லாம் கிடக்கும், தேடிப் பாருங்க. இல்ல வருஷத்துக்கு 7 கோடி, 8 கோடின்னு பிரிச்சு குடுத்திருந்தா, ஓட்ட தவிர்க்கத்தானோன்னு யோசிக்கணும், அதுவும் ஒரு சேதிதான்.

140 பேர் சேர்ந்தா என்ன பண்ண முடியும்னு யோசிச்சிருப்பீங்க. முக்கியமான சில முடிவுகளுக்கு வேண்டிய ஸ்பெஷல் ரெசல்யூஷன் பாஸ் ஆகணும்னா எதிர்ப்பு மாதிரி மூணு மடங்காவது ஆதரவு ஓட்டு வேணும், அதாவது ப்ரமோட்டரோட 62ஐ தடுக்க 21 சதவீதம் எதிர்ப்பு விழணும். உங்க கையில இருக்கறது 2.1. இ-வோட்டிங்ல 21 சேர்றது இந்த மாதிரி கம்பெனியில நடக்கற காரியம் இல்ல, மத்தவங்க பாதி பேர் ஓட்டே போடமாட்டாங்க. 2021ல ஐஷர் மோட்டார்ஸ்ல, நம்ம ராயல் என்ஃபீல்டு கம்பெனிதான், எம்டிய சம்பள உயர்வோட மறுபடி நியமிக்கற தீர்மானத்துக்கு 75 சதவீதம் கிடைக்காம விழுந்துச்சு, அப்புறம் சம்பள வரம்ப குறைச்சு திரும்ப கொண்டு வந்துதான் பாஸ் பண்ணாங்க. அங்க பெரிய பெரிய ஃபண்டுங்க இருந்தாங்க. உங்க கம்பெனியில ஒரு மியூச்சுவல் ஃபண்டாவது இருக்கான்னு ஷேர்ஹோல்டிங் பேட்டர்ன்ல பாருங்க. இஜிஎம் (பங்குதாரர்களோட அவசரக் கூட்டம்) கூட்டச் சொல்லவும் 10 சதவீதம் வேணும். சின்ன பங்குதாரர் சார்பா ஒரு டைரக்டர கொண்டு வர 151ஆவது பிரிவு இருக்கு, ஆனா முகமதிப்புல 20,000 ரூபாய்க்கு மேல போகாதவங்கதான் அந்தக் கணக்குல வருவாங்க, உங்க 3,000 ஷேர் 30,000 ஆகுது, அதனால சட்டப்படி இப்ப நீங்க சின்ன பங்குதாரரே இல்ல. 2,000ஐ வித்தப்புறம் அந்தக் கணக்குல வந்துடுவீங்க.

ஆனா ரிலேட்டட் பார்ட்டி ஓட்டுல மட்டும் கதை வேற. அங்க ப்ரமோட்டரோட 62 ஒதுங்கிடும், மிச்சம் 38 லட்சம் ஷேர்தான், அதுல நிஜமா ஓட்டு போடறது எவ்வளவோ, அந்த இடத்துல உங்க 2 லட்சத்து 10 ஆயிரத்துக்கு நல்ல கனம் இருக்கு. குரூப்ல டார்கெட் விலை பேசற நேரத்துல இத பேசுங்க. வெளிய போற பாதி பேர் மேல மத்தவங்க கோபப்படவும் வேண்டாம், அவங்கவங்க வீட்டு நிலைமை அவங்கவங்களுக்குத்தான் தெரியும்.

விக்கறப்ப கவனம். இந்த மாதிரி ஷேர்ல மார்க்கெட் ஆர்டர் போட்டா ஒரே அடியில கீழ போய் சர்க்யூட்ல (ஒரு நாள்ல விலை இறங்கக்கூடிய எல்லை) மாட்டிக்கும். இந்த விலைக்கு கீழ விக்காதன்னு சொல்ற லிமிட் ஆர்டர் மட்டும் போடுங்க, நூறு இருநூறா, வால்யூம் வர்ற நாள்ல. ஒரு மாசம் ரெண்டு மாசம் ஆனாலும் பரவாயில்ல. 74லயே எல்லாம் போச்சுன்னா கைக்கு 1.48 லட்சம் வரும், நஷ்டம் சுமார் 88,000. அது நீண்டகால நஷ்டம், நீண்டகால லாபத்துல மட்டும்தான் கழிக்கலாம், ஆனா 8 வருஷம் வரைக்கும் கொண்டு போகலாம். அதுக்கு வருமான வரி ரிட்டர்ன கெடு தேதிக்குள்ள போட்டிருக்கணும், மறந்துடாதீங்க.

வர்ற பணத்த வேற ஷேர்ல போடாதீங்க. பொண்ணு காலேஜுக்கு ரெண்டே வருஷம்தான் இருக்கு, அதனால எஃப்டியோ போஸ்ட் ஆபீஸ் டைம் டெபாசிட்டோ போதும். மீதி 1,000 ஷேர் 74,000 ரூபா, உங்க 5 லட்சத்துல 15 சதவீதம் சுத்தி வரும், அதுக்கு என்ன ஆனாலும் வீடு ஆடாது.

அந்த 1,000 கையில இருக்கறப்பவே ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்கூட்டம்) நோட்டீஸ் வந்ததும் ஸ்பீக்கரா பதிவு பண்ணுங்க, கேள்விய முன்கூட்டியே கம்பெனி செக்ரட்டரிக்கு மெயில்ல அனுப்புங்க: 22 கோடி எந்தெந்த தேதியில போச்சு, வட்டி எவ்வளவு, பணமா வந்த வட்டி எவ்வளவு, எப்ப திரும்ப வரும். பெரும்பாலும் செப்டம்பர் 30க்குள்ள கூட்டம் நடந்துடும். தேதி போட்டு, தொகை போட்டு பதில் வந்து, அடுத்த வருஷ பேலன்ஸ் ஷீட்ல அந்தக் கடன் குறைஞ்சிருந்தா 1,000ஐ வச்சுக்கங்க. சுத்தி வளைச்சு பதில் வந்தாலோ, கடன் 22ல இருந்து 25, 30ன்னு ஏறினாலோ, விலை என்னவா இருந்தாலும் மிச்சத்தையும் குடுத்துட்டு வெளிய வந்துடுங்க சார்.