மாமியாருக்கு ருசி தெரியவில்லை, மகனுக்கு நகெட் தவிர எதுவும் இறங்கவில்லை

கேள்வி: டாக்டர், நாங்கள் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இருக்கிறோம். என் மாமியாருக்கு 68 வயது. தோட்டத்து லயத்திலேயே வாழ்ந்தவர், இப்போது எங்களோடு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டில் இருக்கிறார். இனிப்பு நீருக்கு மெட்ஃபார்மின், ரத்தக் கொதிப்புக்குப் பெரிண்டோபிரில், பல வருடமாகச் சாப்பிடுகிறார். கொஞ்ச காலமாக எதைச் சமைத்துப் போட்டாலும் “ஒன்னும் ருசியே இல்ல” என்கிறார். தக்காளி சப்பென்று இருக்கிறதாம், கோழியில் கோழி வாசமே இல்லையாம். எல்லாம் பேரங்காடிச் சாமானால் வந்தது என்று சொல்லி, தட்டில் உப்பை அள்ளிப் போட்டுக்கொள்கிறார். என் 9 வயது மகனோ நகெட், சாசேஜ், பாக்கெட் மீ (நூடுல்ஸ்) இல்லாவிட்டால் தட்டு முன்னாலேயே உட்கார மாட்டான். கோளாறு இவர்கள் நாக்கிலா, உணவிலா?

பதில்: சகோதரி, உங்கள் மாமியார் சொல்வது பாதி சரி. மீதிப் பாதியை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும். அதை முதலில் பேசிவிடுவோம். காய்கறியைக் குறை சொல்லிக்கொண்டே மாத்திரை அட்டையைப் பார்க்காமல் விட்டுவிடுவது நம் வீடுகளில் சகஜம்.

அவர் சாப்பிடும் இரண்டு மாத்திரையும் ருசியை மாற்றக்கூடியவை. மெட்ஃபார்மின் சிலருக்கு வாயில் இரும்புச் சுவையைக் கொடுக்கும். வருடக்கணக்கில் சாப்பிட்டால் உடம்பில் பி12 வைட்டமின் குறையலாம். அது குறைந்தால் நாக்கு வழுவழுப்பாகிச் சிவந்து எரியும், கால் மரத்துப்போகும். பெரிண்டோபிரில் வகை மாத்திரைகளிலும் ருசி மாறுவது தெரிந்த பக்கவிளைவுதான். இதோடு, சர்க்கரை அளவு ஏறியிருந்தால் வாய் உலரும், நாக்கில் வெள்ளையாகப் பூஞ்சை படரும். பல்செட் சரியாகப் பொருந்தாவிட்டாலும் சாப்பாடு சப்பென்றுதான் இருக்கும்.

மூக்கையும் மறந்துவிடாதீர்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு வாசனை. வயதாக ஆக மூக்கின் கூர்மை குறையும். கோவிட் வந்துபோன பிறகு அது முழுதாகத் திரும்பாதவர்களும் உண்டு. வீட்டிலேயே பார்த்துவிடலாம். கண்ணை மூடச் சொல்லி, காப்பித்தூள், நசுக்கிய பூண்டு, கசக்கிய கறிவேப்பிலை மூன்றையும் ஒவ்வொன்றாக மூக்கருகே காட்டுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் தக்காளியைத் திட்டிப் பயனில்லை. அடுத்த முறை கிளினிக் கெசிஹாத்தான் (அரசாங்கச் சுகாதார நிலையம்) போகும்போது இதைச் சொல்லி, பி12 ரத்தப் பரிசோதனை எடுக்க முடியுமா என்று கேளுங்கள். அதுவரை எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

உப்பு விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு, ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். குழம்பு, ஊறுகாய், கருவாடு, கீச்சாப் எல்லாம் அதில் அடக்கம். தட்டில் மேலே தூவுவதற்கு இடமே இல்லை. சோடியம் குறைந்த உப்பு என்று பேரங்காடியில் விற்பதை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். அவற்றில் பலவற்றில் பொட்டாசியம் இருக்கிறது. பெரிண்டோபிரில் சாப்பிடுகிறவர், அதுவும் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத்துக்கே ஆபத்தாகலாம். உப்புக்குப் பதிலாகப் புளிப்பும் காரமும் வாசனையும் கூட்டுங்கள்: அடுப்பை அணைத்த பிறகு பிழியும் எலுமிச்சை, இடித்த மிளகு, கடைசியில் கொட்டும் தாளிப்பு.

இனி அந்த மற்றப் பாதி. தக்காளியைப் பற்றி அத்தை சொல்வது பொய்யில்லை. கேமரன் மலையிலிருந்து லாரியில் இறங்கி, கிடங்கில் கிடந்து, அலமாரியில் அடுக்கி நிற்க வேண்டிய பழத்தைச் செடியிலேயே கனிய விட மாட்டார்கள். நிறம் திரும்பும்போதே பறித்துவிடுவார்கள். நசுங்காத, சீக்கிரம் கெடாத ரகங்களையே தேடித் தேடிப் பயிரிட்டதில் வாசனை பின்னால் போய்விட்டது. போதாததற்குக் குளிர்ச்சி. தக்காளியைக் குளிரில் வைத்தால் அதன் வாசனையை உண்டாக்கும் மரபணுக்களே அடங்கிப்போகின்றன என்று ஃபுளோரிடா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் காட்டினார்கள். எனவே வாங்கிவந்த தக்காளியை ஐஸ்பெட்டிக்குள் தள்ளாமல் வெளியே ஒரு கூடையில் வையுங்கள். காலை மார்க்கெட்டில் நன்றாகப் பழுத்து, லேசாக அமுங்கும் பழமாகப் பார்த்து, இரண்டு நாளைக்கு மட்டும் வாங்குங்கள். கோழியும் அப்படித்தான். பண்ணைக் கோழி ஐந்தாறு வாரத்தில் கடைக்கு வந்துவிடுகிறது. லயத்தில் மேய்ந்து திரிந்த கோழி மாதக்கணக்கில் வளர்ந்தது. வாசம் வித்தியாசமாக இருக்கத்தான் செய்யும். மசாலாத் தூளையும் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். மல்லியும் மிளகாயும் வறுத்து மில்லில் கொடுத்து அரைத்த காலம் போய், பெரிய பாக்கெட்டைப் பிரித்து மாதக்கணக்கில் வைத்திருக்கிறோம்.

லயத்து வீட்டுக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் சேக்கூர் மானிஸ் கீரையும் தானாக வளர்ந்துகொண்டிருக்கும். தாமான் வீட்டில் பின்பக்கம் சிமெண்டு. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. காசு கொடுக்காமல் கிடைத்த கீரை நின்றுபோய், காசு கொடுத்தால் மட்டும் கிடைக்கும் சாப்பாட்டுக்குக் குடும்பங்கள் மாறியது அங்கேதான். பருவமும் அதோடு போய்விட்டது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை டுரியான், ரம்புத்தான், மங்குஸ்தான் என்று காத்திருந்து தின்ற வீட்டில், இப்போது வருடம் முழுக்க மாதக்கணக்கில் குளிர்கிடங்கில் கிடந்த ஆப்பிள். ஆப்பிள் கெடுதல் இல்லை. ஆனால் பக்கத்தில் பீடோர் கொய்யாவும் தம்புன் பம்ளிமாஸும் இருக்கும்போது அத்தைக்கு ஆப்பிள்தான் மருந்து என்று யார் சொன்னது? (சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால், பம்ளிமாஸ் வாங்குமுன் மருந்தகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.)

அதற்காகப் பேரங்காடிப் பக்கமே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பருப்பு, ஓட்ஸ், உறைய வைத்த பச்சைப்பட்டாணி, டின் சார்டின் எல்லாம் அங்கே வாங்கலாம். உறைந்த பட்டாணி வாடிப்போன காயைவிட மேல்.

மகனுக்கு நாக்கில் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உப்பு, கொழுப்பு, மாவு மூன்றும் அளவாகச் சேர்ந்து, மெல்லவே வேண்டாத மென்மையில் வரும் உணவுக்கு அவன் பழகிவிட்டான். அமெரிக்க தேசிய சுகாதாரக் கழகம் 2019இல் 20 பேரைத் தங்கவைத்து இரண்டு வாரம் இத்தகைய ஆலைத் தயாரிப்பு உணவையும் இரண்டு வாரம் சாதாரண உணவையும் கொடுத்துப் பார்த்தது. இரண்டிலும் வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவின்போது அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி அதிகமாகச் சாப்பிட்டார்கள். இரண்டே வாரத்தில் ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எடை கூடியது. பெரியவர்களுக்கே இப்படி என்றால் 9 வயதுப் பையனைத் திட்டி என்ன பயன்?

அஜினோமோட்டோதான் விஷம் என்று அத்தை சொல்லக்கூடும். அதை நான் ஏற்பதில்லை. பாக்கெட் மீயில் எனக்குப் பயம் தூள் பொட்டலத்தின் மொத்த உப்பு. ஒரு பாக்கெட்டிலேயே ஒரு நாள் அளவில் பாதி போய்விடும். வாரம் ஒரு முறை, பாதித் தூள், மேலே முட்டையும் ஒரு கைப்பிடி சாவிக் கீரையும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை. பெட்டிப் பானத்தையும் பாருங்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் 2019இலிருந்து வரி. அந்த 5 கிராமுக்குள் வந்துவிட்ட பானமே 250 மில்லிப் பெட்டியில் மூன்று தேக்கரண்டி சீனி வைத்திருக்கலாம். பெட்டியில் ‘ஜும்லா கூலா’ (மொத்தச் சீனி) என்ற வரியைப் படிக்க மகனுக்கே கற்றுக்கொடுங்கள், பையன்களுக்குக் கணக்கு பிடிக்கும்.

அவனுக்கென்று தனிச் சமையலை நிறுத்துங்கள். நகெட்டை ஒரே நாளில் ஒழிக்காமல், வாரத்துக்கு இரண்டு நாள் என்று கிழமை குறித்துவிடுங்கள். மற்ற நாள் எல்லாருக்கும் வைப்பதுதான் அவனுக்கும், ஓரத்தில் ஒரு கரண்டி காய். தின்னச் சொல்லிக் கெஞ்சவும் வேண்டாம், தின்றால் ஐஸ்கிரீம் என்று பேரம் பேசவும் வேண்டாம். ஒரு புதுக் காயைப் பிள்ளை ஏற்க எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட ஆகும். நாம்தான் மூன்றாவது தடவையே கைவிடுகிறோம். வெண்டைக்காயை மொறுமொறுப்பாக வதக்குவது, நெத்திலியோடு கங்கோங் கீரை பிரட்டுவது என்று ஆரம்பியுங்கள். வீட்டுச் சமையலில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் இருவர் நாக்கும் அதற்குப் பழகிவிடும். முதல் சில வாரம் முணுமுணுப்பு இருக்கும், சமாளியுங்கள்.

அத்தையையும் பேரனையும் காலை மார்க்கெட்டுக்குச் சேர்த்து அனுப்புங்கள். கீரை பொறுக்குவதில் அவருக்குள்ள கை உங்களுக்கும் எனக்கும் வராது. இரண்டு எச்சரிக்கை மட்டும். மரவள்ளி இலையை நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சேக்கூர் மானிஸைச் சமைத்துச் சாப்பிடலாம், ஆனால் எடை குறைய என்று பச்சையாகச் சாறு பிழிந்து குடிக்கக் கூடாது. 1990களில் தைவானில் அப்படிக் குடித்தவர்களுக்கு நுரையீரல் கெட்டுப்போனது.

அத்தைக்கு எடை குறைந்துகொண்டே போனாலோ, கால் மரத்தாலோ, வாய்ப்புண் இரண்டு வாரத்தில் ஆறாவிட்டாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காதீர்கள். போகும்போது மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், ஜாமு என்ற மலாய் மூலிகை மருந்தும் சீன மருந்தும் சாப்பிட்டால் அதையும் சேர்த்து.