ஒரு பிழை வந்ததும் தேடல் பெட்டி முடங்கினால்

ஆத்தங்குடி டைல்ஸ் கடைத் தளத்தில், சர்வர் ஒருமுறை 500 என்ற பிழை கொடுத்ததும் அப்புறம் எதைத் தட்டினாலும் தேடல் அசையவில்லை என்கிறீர்கள். ஆர்எக்ஸ்ஜேஎஸ் (RxJS) என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தில் பிழையைப் பிடிக்கும் கேட்ச்எரரை (catchError), புதுத் தேடல் வந்ததும் பழையதைக் கைவிடும் ஸ்விட்ச்மேப்புக்கு (switchMap) வெளியே, சங்கிலியின் கடைசியில் வைத்திருக்கிறீர்கள், அதுதான் வினை. ஆர்எக்ஸ்ஜேஎஸ்ஸில் ஓடை என்பது ஒன்றன்பின் ஒன்றாக மதிப்புகள் வரும் வரிசை; பிழை வந்த ஓடை அதோடு முடிந்தது. கேட்ச்எரரில் நீங்கள் தரும் வெற்றுப் பட்டியல் ஒருமுறை வரும், பிறகு கம்ப்ளீட். தட்டச்சைக் கேட்க ஆளே இல்லை.

சர்வரைக் கேட்கும் எச்டிடிபி அழைப்பின் பைப்புக்குள்ளேயே (pipe, செயல்களைக் கோக்கும் இடம்) கேட்ச்எரரைப் போடுங்கள். அந்த ஒரு அழைப்பின் உள் ஓடை மட்டும் முடியும், தட்டச்சைக் கேட்கும் வெளி ஓடை தொடரும். மறுபடி முயலும் ரீட்ரையும் (retry) உள்ளேதான், கேட்ச்எரருக்கு முன்னால். பின்னால் போட்டால் அதற்குப் பிழையே போய்ச் சேராது.

வெற்றுப் பட்டியலுக்குப் பதில் பிழை என்ற குறியோடு ஒன்றைத் திருப்பினால் நல்லது. இல்லாவிட்டால் சரக்கே இல்லை போல என்று வாடிக்கையாளர் காரைக்குடியில் வேறு கடை பார்த்துக்கொள்வார். ஆர்டர் சேமிக்கும் இடத்தில் மட்டும் ஸ்விட்ச்மேப் வேண்டாம், முந்தைய ஆர்டரைக் கைவிட்டுவிடும்; ஒன்று முடிந்த பிறகே அடுத்ததை எடுக்கும் கான்கேட்மேப் (concatMap) போடுங்கள்.