செய்தித்தாளில் வரும் தெரியாத வார்த்தைகளைப் படித்தே ஆங்கில வார்த்தை வளத்தைப் பெருக்க முடியுமா?

முடியும். ஆனால் தெரியாத வார்த்தை எல்லாவற்றையும் எழுதி வைக்காதீர்கள், அப்படித்தான் நான் ஒரு முழு நோட்டைப் பாழாக்கினேன். தினமும் முப்பது நாற்பது வார்த்தை, பக்கத்தில் தமிழ் அர்த்தம், சிவப்பு மையில் அடிக்கோடு வேறு. ஒரு மாதம் கழித்துப் புரட்டினால் பாதிக்கு மேல் புது வார்த்தை மாதிரியே இருந்தது.

அப்புறம் ஒரே ஒரு செய்தியைப் பிடித்துக்கொண்டு அது ஓயும்வரை தினமும் படிக்க ஆரம்பித்தேன். வழக்குச் செய்தி என்றால் பெயில் (ஜாமீன்), ரிமாண்ட் (காவலில் வைப்பது), அட்ஜர்ன் (ஒத்திவைப்பது), குவாஷ் (ரத்து செய்வது) என்று அதே ஏழெட்டு வார்த்தைகள்தான் சுற்றிச் சுற்றி வரும். முதலில் அகராதியைத் தொடாமல் ஊகிப்பேன், மூன்றாவது முறையும் வந்து வழிமறிக்கிற வார்த்தைக்கு மட்டும்தான் அர்த்தம் பார்ப்பேன், அதற்குள் அது பாதி புரிந்திருக்கும். நோட்டில் ஏறுவது வார்த்தை இல்லை, அது வந்த முழு வாக்கியம். குவாஷ் என்றால் ரத்து என்று மட்டும் எழுதி வைத்தால் நாளைக்கு ரயில் டிக்கெட்டையும் குவாஷ் பண்ணிவிடுவோம்! நீதிமன்றம் ஓர் உத்தரவைக் குவாஷ் செய்யும், டிக்கெட்டை நாம் கேன்சல்தான் செய்ய முடியும்.

தலைப்புகளிடம் ஜாக்கிரதை. இடம் குறைவு என்பதால் அங்கே குட்டி வார்த்தைகளுக்குத்தான் மவுசு: விசாரணைக்கு ப்ரோப், ஒப்புதலுக்கு நாட் (nod, தலையசைப்பு), கடுமையாகச் சாடினால் ஸ்லாம். நேற்று நடந்ததையும் நிகழ்காலத்தில்தான் எழுதுவார்கள். இதெல்லாம் புரிந்துகொள்ள மட்டும். நான் ஒரு மேலதிகாரிக்கு எழுதிய மெயிலில் விடுப்புக்கு அவருடைய 'நாட்' வேண்டும் என்று கேட்டு, அது கொஞ்ச நாள் அலுவலகத்தில் சிரிப்பாய்ச் சிரித்தது.

காகிதம் உச்சரிப்பையும் சொல்லித் தராது. row என்பது வரிசை என்றால் 'ரோ', அதே எழுத்துகளே சண்டை என்ற பொருளில் வந்தால் 'ரவ்'. இது தெரியாமல் பல வருஷம் இரண்டையும் 'ரோ' என்றே படித்தேன். ஆன்லைன் அகராதியில் ஒலிபெருக்கிப் படத்தை ஒருமுறை அழுத்திக் கேட்டுவிடுங்கள். கேட்ட கையோடு இரண்டாவது அர்த்தத்தையும் பாருங்கள். சாங்ஷன் என்பது கடனுக்கு வந்தால் அனுமதி, ஒரு நாட்டின் மேல் வந்தால் தடை.

சரி, எங்கே தொடங்குவது? தமிழில் ஏற்கெனவே படித்துவிட்ட செய்தியையே ஆங்கிலத்தில் படியுங்கள், விளையாட்டுப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை. தலையங்கம் ஓர் ஆறு மாதம் காத்திருக்கட்டும்.