செய்தியோடைப் படிப்பானின் அடுத்தடுத்த பதிப்புகளை எப்படித் திட்டமிடுவது?

செயலியின் முதல் பதிப்பு வெளிவந்துவிட்டது, பயனர்கள் கேட்கும் வசதிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது, எதை எந்தப் பதிப்பில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பாம்பனில் இருந்துகொண்டு, தமிழ்ச் செய்தித் தளங்கள் தம் புதிய செய்திகளைச் செயலிகள் படிக்கும்படி வெளியிடும் ஆர்எஸ்எஸ், ஆட்டம் வடிவ ஓடைகளைத் திரட்டித் தரும் சிறு செயலி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். என் அனுபவத்தில், திட்டத்தை வசதிப் பட்டியலை வைத்துத் தொடங்கக் கூடாது. படிப்பவர்களுக்கு அந்தச் செயலி எந்த மாதங்களில் இன்றியமையாதது என்று பார்த்துத் தொடங்க வேண்டும்.

என் பயனர்களில் பெரும்பாலோர் கடலை நம்பி வாழ்பவர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், துறைமுகத்தில் எத்தனையாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டிருக்கிறது, கடலுக்குச் செல்ல மீன்வளத் துறை டோக்கன் தருமா என்பதையெல்லாம் அவர்கள் விடியும் முன்பே பார்த்துவிடுவார்கள். அதை எண்ணிப் பாராமல், ஒரு நவம்பரில் பழைய செய்திகளைத் தேடும் வசதியுடன் புதிய பதிப்பை வெளியிட்டுவிட்டேன். சேமித்திருந்த செய்திகள் அனைத்தையும், புதிய பதிப்பு முதன்முறை திறக்கும்போதே தேடலுக்கேற்ப அடுக்கி முடிக்க வேண்டியிருந்தது. என் கைபேசியில் சில நொடிகளில் முடிந்த வேலை அது. மறுநாள் அதிகாலை, படகுத்துறையில் நாட்டுப்படகுக்காரர் ஒருவர் தம் பழைய கைபேசியை என்னிடம் நீட்டி, "தம்பி, வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு, கூண்டு ஏத்திட்டாங்களான்னு பாக்கணும்" என்றார். கீறல் விழுந்த கண்ணாடிக்குக் கீழே அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. செய்தி ஒன்றுகூட வரவில்லை. அந்தக் காலை எனக்கு இன்றும் உறுத்துகிறது.

அன்றிலிருந்து, செய்திகள் சேமிக்கப்படும் தரவுத்தளத்தின் அமைப்பை மாற்றும் வேலையையும் அதைப் பயன்படுத்தும் வசதியையும் ஒரே பதிப்பில் நான் வெளியிடுவதில்லை. முதல் பதிப்பு தேடலுக்கான புதிய அட்டவணையைப் பின்னணியில் சிறிது சிறிதாக நிரப்பும், அதுவரை பழையதிலிருந்தே செய்திகள் காட்டப்படும். அடுத்த பதிப்பில்தான் தேடல் பொத்தானே தோன்றும். கூகுள் பிளேயில் புதுப்பிப்பை முதலில் சிறு விழுக்காட்டினருக்கு மட்டும் அனுப்பி, குறை தெரிந்தால் நிறுத்திவிடலாம் என்பது உண்மைதான். ஆனால் ஏற்கெனவே பெற்றுவிட்டவர்களுக்கு அதைத் திரும்பப் பெற முடியாது, எண் கூடிய இன்னொரு பதிப்பைத்தான் அனுப்ப வேண்டியிருக்கும்.

ஆண்டுத் திட்டத்தையும் இந்தக் கரையின் காலத்துக்கே பொருத்திக்கொண்டேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்பதால், சோதனைப் பதிப்பை வைத்துப் பார்த்துக் குறை சொல்ல அந்த நாட்களில்தான் பலருக்கு நேரம் கிடைக்கிறது. ஆகவே பெரிய மாற்றங்கள் அப்போதுதான் வெளியாகும். செப்டம்பரில் பிழைதிருத்தங்கள் மட்டும் கொண்ட ஒரு பதிப்பு. அதன்பின் டிசம்பர் முடியும்வரை, செயலியே நின்றுபோகும் பிழையோ பாதுகாப்புக் குறையோ இருந்தாலொழிய எதுவும் இல்லை. குறித்த நாளுக்குள் முடியாத வசதி அடுத்த பதிப்புக்குத் தள்ளிப்போகும், நாள் தள்ளிப்போகாது. உங்கள் பயனர்கள் மாணவர்களானால் தேர்வு மாதங்களை இதேபோல் விலக்கிவையுங்கள்.

வசதிகளில் எதை முந்தவைப்பது என்பதற்கு ஒன்று சொல்வேன்: பயனர் பின்தொடரும் ஓடைகளின் பட்டியலை, படிப்பான்கள் பலவும் ஏற்கும் ஓபிஎம்எல் வடிவக் கோப்பாக ஏற்றவும் இறக்கவும் வழி செய்வதைத் தள்ளிப்போடாதீர்கள். 2013 ஜூலை 1 அன்று கூகுளின் செய்தியோடைப் படிப்பானான கூகுள் ரீடர் மூடப்பட்டபோது, பட்டியலை இறக்கி வைத்திருந்தவர்களால் அதை அப்படியே வேறு படிப்பானுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது.

தமிழுக்கே உரிய பிழைகளைச் சிறியவை என்று பட்டியலின் அடியில் போட்டுவிட வேண்டாம். நீண்ட தலைப்பைக் கணினிக்குள் இருக்கும் இத்தனை குறியீடுகள் என்று எண்ணி வெட்டினால், புள்ளி தனிக் குறியீடாக இருப்பதால் "படகுகள்" என்பது "படகுகள" என்று நிற்கும். முழு எழுத்தாக எண்ணித்தான் வெட்ட வேண்டும். அதேபோல் "கொ" என்பதன் உயிர்க்குறியைச் சில தளங்கள் ஒரே குறியீடாகவும், சில தளங்கள் ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதுகின்றன. இரண்டையும் ஒரே வடிவாக்கும் யூனிகோடு சீரமைப்பு செய்யாவிட்டால், கண்முன் இருக்கும் "கொடி" தேடலில் அகப்படாது. இந்த இரண்டையும் வரும் செப்டம்பர்ப் பதிப்பில் முதல் வரிகளாக எழுதி வைத்திருக்கிறேன்.