கல்லில் மலரும் செவ்வந்தி

கேள்வி: ‘செவ்வந்திக் கல்’ எனப்படும் அலங்காரக் கல்லில் காணப்படும் வெண்பூக்கள் இயற்கையானவையா, மனிதர் செதுக்கியவையா?

பதில்: இயற்கையானவையே. சீனாவின் ஹூனான் மாகாணத்து லியூயாங் பகுதியில் கிடைக்கும் இக்கல், 25 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்ட பெர்மியன் காலத்தைச் சேர்ந்தது. அன்றைய கடலடிச் சேற்றில் ஒரு புள்ளியிலிருந்து எல்லாப் பக்கமும் ஊசி ஊசியாக வளர்ந்த செலஸ்டைட் என்னும் கனிமப் படிகங்களின் இடத்தைப் பின்னாளில் பெரும்பாலும் கால்சைட் என்னும் மற்றொரு கனிமம் பிடித்துக்கொண்டதால், கரிய சுண்ணாம்புப் பாறையில் வெள்ளிதழ்கள் உருவாயின. இதைப் பூவின் புதைபடிவம் என்று சிலர் சொல்வது தவறு. பூக்கும் தாவரங்களே அப்போது தோன்றியிருக்கவில்லை. இதழ்கள் எடுப்பாகத் தெரியச் சுற்றியுள்ள பாறையைச் சிற்பிகள் செதுக்குவதுண்டு. அதைக் குறை சொல்வதற்கில்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், உண்மைக் கல்லில் நடுவிலிருந்து விரியும் படிகங்கள் பாறைக்குள் இறங்கிச் செல்வது தெரியும். தீட்டிய போலியிலோ நிறம் மேற்பரப்போடு நின்றுவிடும்.